நீல ஒட்டுப் போட்ட சட்டை

கம்ப்யூட்டர் திரையில் வட்டம் நின்ற இடத்திலேயே நின்றது. வேம்பு அதை விட்டுப் பின்பக்கமாக நடந்து வெளியே போய்விட்டாள். வட்டத்துக்குள் இப்போது சேறும், அவள் ஊன்றிவிட்டுப் போன நாற்றுகளும் மட்டும் நிறத்தோடு இருந்தன. வெளியே எல்லாம் சாம்பல். வேம்புவும் சாம்பலாகி, மற்றப் பெண்களோடு சேர்ந்து, குனிந்தபடியே போய்க்கொண்டிருந்தாள்.

“இதாண்ணே சிக்கல்,” என்றார் உபைதுல்லா. “ஆளு நகருது. மாஸ்க்கு நகர மாட்டேங்குது.”

மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். மறுபடி அவள் வட்டத்துக்குள் நின்றாள், நட்டாள், ஒரு அடி பின்வாங்கினாள், கோட்டைத் தாண்டினாள், போனாள். செத்துப்போனவள் போகிறதை ஒரு தடவை பார்த்தது போதாதா என்றுகூட இருந்தது. ஆனால் எழுந்து வரவும் மனசில்லை.

உபைதுல்லாவின் கடை அதிராம்பட்டினம் கடைத்தெருவில், ஒரு செல்போன் கடையின் மாடியில் இருக்கிறது. கல்யாண வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்துக் கொடுப்பது அவர் தொழில். எனக்கு உப்பளத்தில் வேலை. மழை விழுந்து பாத்தியெல்லாம் கரைந்த பிறகு ஊருக்குப் போய் நாற்றுப் பறி, மூட்டை தூக்கு என்று எது கிடைக்கிறதோ அது. எங்கள் ஊர் கடைமடை. கல்லணையில் திறந்த தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் எங்களிடம் வரும். சில வருஷம் வராது. அப்போது வருஷம் முழுக்க உப்புதான். செல்போன் கடைக்காரர்தான், வீடியோ சமாச்சாரமென்றால் மேலே போய்க் கேளுங்கள் என்று என்னை அனுப்பினார். முதல் நாள் உப்புப் பூத்த காலோடு படியேறி வாசலிலேயே நின்றேன். உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. தரை முகம் தெரிகிற மாதிரி இருந்தது.

“உள்ள வாங்கண்ணே. கதவைத் தொறந்து வச்சுக்கிட்டு நின்னா தெருவுக்கெல்லாம் நான் குளிரு குடுக்க முடியுமா?” என்றார். அப்படித்தான் பழக்கமானது.

என் மகள் எழில்மொழி மஸ்கட்டில் நர்சாக இருக்கிறாள். அவள் அம்மா வேம்பு காய்ச்சல் என்று படுத்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். திரும்பி வரும்போது உயிர் இல்லை. மகளுக்கு லீவு கிடைத்து, டிக்கெட் கிடைத்து, அவள் வந்து சேருகிறவரை ஐஸ் பெட்டியில் வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். கடைசியில் பங்காளி ஒருத்தர் போனை எடுத்துப் பெட்டிக்கு மேலே பிடித்துக் காட்டினார். அங்கே அவள் நர்சு உடுப்போடு ஏதோ ஒரு சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். ட்யூப்லைட் வெளிச்சம் பெட்டிக் கண்ணாடியில் விழுந்து அம்மாவின் முகம் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது. “தள்ளிப் புடிங்க சித்தப்பா, கொஞ்சம் தள்ளிப் புடிங்க” என்று அவள் கத்திக்கொண்டே இருந்தாள். அழுகைச் சத்தத்தில் அந்தச் சித்தப்பாவுக்கு அது கேட்கவே இல்லை.

பல மாதம் கழித்து ஒரு நாள் போனில் சொன்னாள். “அப்பா, கண்ண மூடுனா அந்தக் கண்ணாடிப் பொட்டிதான் வருது. அம்மா நடந்தது, திரும்புனது, எதுவும் வர மாட்டேங்குது. அம்மா அசையற மாதிரி ஒரு வீடியோ இருந்தா அனுப்புப்பா. கொஞ்ச நேரம் இருந்தாக்கூடப் போதும். தூங்கி ரொம்ப நாளாச்சுப்பா.”

நான் எங்கே போவேன்? வேம்புவுக்கு இருந்த ஒரே போட்டோ ஆதார் அட்டையில் இருந்ததுதான். அதில் யாரோ அதட்டின மாதிரி முழித்துக்கொண்டிருப்பாள். கண்ணீர் அஞ்சலி போர்டு அடிக்கிறவர்கள் அந்த முகத்தை வெட்டி, யாரோ ஒருத்தியின் பட்டுச்சேலையும் சங்கிலியும் இருந்த உடம்பில் ஒட்டிவிட்டார்கள். பெரிய போர்டு. முச்சந்தியில் கட்டியிருந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டு போவேன். மழையிலும் காற்றிலும் அது கிழிந்து தொங்கினபோது எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. கல்யாணம் காட்சிகளில் அவள் வீடியோவில் விழுந்ததே இல்லை. கேமராக்காரர் பந்திப் பக்கம் வந்தால் இவள் அடுப்படிப் பக்கம் போய்விடுவாள்.

அப்புறம்தான் அந்த வீடியோ ஞாபகம் வந்தது. நாங்கள் வேலை செய்யும் வயல் துரைராசு என்பவருடையது. அவர் மகன் ராஜ்குமார் சிங்கப்பூரில் இருக்கிறார். வேம்பு சாவதற்கு முந்தின சம்பாவுக்கு ஊருக்கு வந்திருந்தபோது, பறக்கிற கேமரா ஒன்றை வைத்து நடவைப் படம் எடுத்தார். எங்கள் பக்கம் இப்போதெல்லாம் மிஷின் நடவுதான். பள்ளமாகக் கிடக்கும் ஒரு துண்டில் மட்டும் மிஷின் புதைந்துகொள்ளும் என்று பெண்களை இறக்குவார்கள். அதைத்தான் எடுத்தார். துரைராசுவிடம் போய்க் கேட்டேன். அவர் மகனுக்குப் போன் போட்டு, மகன் அங்கிருந்து எனக்கு அனுப்பினார். பாட்டெல்லாம் சேர்த்த வீடியோ. மிச்சமெல்லாம் அழித்தாகிவிட்டது, இதுதான் இருக்கிறது என்று சொன்னார். அழித்திருக்காவிட்டால் என்று இப்போது நினைக்கிறேன். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? வயலைத்தானே படம் எடுத்தார்.

அதில் முதலில் உயரத்திலிருந்து வயல் தெரியும். பெண்களெல்லாம் எறும்பு மாதிரி இருப்பார்கள். பிறகு கேமரா கீழே இறங்கி வரிசையை ஒட்டிப் பறக்கும். எல்லாரும் குனிந்திருப்பார்கள். தலையில் துண்டு, சேலைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை. ஒருத்தி முகமும் தெரியாது. பெற்ற தாயையே யாரென்று காட்ட முடியாது. ஆனால் எனக்குத் தெரிந்தது. ஒருத்தி போட்டிருந்தது என் சட்டை. மூட்டை தூக்கித் தூக்கி அதன் பிடரிப் பக்கம் நைந்து கிழிந்தபோது, எழில்மொழி பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போன நீலத் தாவணியில் ஒரு துண்டைக் கிழித்து வேம்பு ஒட்டுப் போட்டிருந்தாள். கோணலான ஒட்டு. காக்கிச் சட்டையில் நீல ஒட்டு. அன்றைக்குக் காலையில் அதைப் போட்டுக்கொண்டு தூக்குவாளியோடு அவள் இறங்கிப் போனதை என் கண்ணால் பார்த்தேன். நான் வேறொரு பக்கம் நாற்றங்காலில் பறிக்குப் போய்விட்டேன்.

“இத்தனை பேருல ஒங்க வீட்டுக்காரம்மா யாருன்னு அங்க இருக்கிற மகளுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டுவிட்டு உபைதுல்லாவேதான் ஒரு யோசனை சொன்னார். அவளைச் சுற்றி ஒரு மாஸ்க் போட்டு, அவளை மட்டும் நிறத்தில் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சாம்பலாக்கிவிடலாம். மாஸ்க் என்றால் என்ன என்று கேட்டேன். வயலுக்கு வரப்பு மாதிரி என்றார். வரப்புக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. நல்ல யோசனையாகத்தான் இருந்தது, அவள் நகர ஆரம்பிக்கிறவரை.

“எங்க தொழில்ல ஆளை மறைச்சுக் குடுங்கன்னுதாண்ணே வருவாங்க,” என்றார். “கல்யாண வீட்டுல தெரியாம கேமராவுல விழுந்துட்ட பொம்பளையாளுங்க இருந்தா அந்த எடத்தையே வெட்டிப்புடுவேன். முடிஞ்சுபோச்சு. ஆளைக் காட்டிக் குடுங்கன்னு வந்த மொத ஆளு நீங்கதான். அதான் எனக்கே வேலை தெரியல.”

நகர்கிற மாஸ்க் ஒன்று அந்தச் சாஃப்ட்வேரில் கண்டிப்பாக இருக்கும் என்று அவர் நம்பினார். திருச்சியில் தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் யாரோ செய்ததைப் பார்த்திருக்கிறாராம். அப்போது ஒரு இடத்தில் இருந்தது, இப்போது புதுசாக மாற்றி எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டார்கள் என்றார். திரையின் மேலே வரிசையாக எழுத்துகள். ஒன்றை அமுக்கினால் கீழே நீளமாக ஒரு பட்டியல் விழும். அதில் ஒன்றை அமுக்கினால் பக்கத்தில் இன்னொன்று. எல்லாம் இங்கிலீஷ். எனக்குத் தமிழே பெரிய ஆளான பிறகு அறிவொளி வகுப்பில் கூட்டிக் கூட்டிப் படித்ததுதான். ஒவ்வொன்றாகத் திறந்து, வாய்க்குள் படித்து, உதட்டைப் பிதுக்கி மூடினார். யூட்யூபில் ஒரு வடக்கத்திப் பையன் இதையே சொல்லிக்கொடுக்கிறான் என்று போட்டுப் பார்த்தார். “இவன் எங்க அமுக்குறான்னே தெரியலயே. பேயி புடிச்ச மாதிரி மவுஸை ஆட்டுறான்” என்று அதையும் நிறுத்திவிட்டார். நடுவில் அவர் உம்மா போன் போட்டு, சாப்பிட வருகிறாயா இல்லை சோற்றைக் கோழிக்குப் போடட்டுமா என்று கேட்டார். இங்கே வரைக்கும் கேட்டது. “கோழிக்கே போடு உம்மா, அதாச்சும் முட்டை போடும்” என்றார்.

உப்பளத்தில் வெயில் ஏறினதும் வேலையை நிறுத்திவிடுவார்கள். நான் மத்தியானத்தில் மேலே போய்விடுவேன். வேறு வேலை இருந்தால் அதைச் செய்துகொண்டிருப்பார், நான் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். யார் யாரோ மாப்பிள்ளைகள் காரிலிருந்து இறங்குவார்கள், மாலை விழும், பிரியாணிச் சட்டி திறக்கும். எனக்கு அப்படியே கண் சொருகும். ஒரு நாள் அப்படித் தூங்கி விழுந்தபோதுதான் அவர் மேஜையைத் தட்டினார்.

“அண்ணே, எந்திரிங்க. கெடச்சிருச்சு.”

மாஸ்க் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் கடுகளவுக்கு ஒரு கடிகாரப் படம் இருந்தது. இத்தனை வருஷம் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது, அது சும்மா அழகுக்கு வைத்தது என்று நினைத்திருந்தேன் என்றார். அதை அமுக்கினால் மாஸ்க்குக்கு நேரம் தெரிய ஆரம்பித்துவிடுமாம். இந்த இடத்தில் நீ இங்கே இரு என்று ஒரு முடிச்சுப் போடவேண்டும். கொஞ்சம் ஓடவிட்டு, அவள் எங்கே போயிருக்கிறாளோ அங்கே வட்டத்தை இழுத்து இன்னொரு முடிச்சு. இரண்டுக்கும் நடுவில் அதுவே நகர்ந்துகொள்ளும். முடிச்சு என்பது நான் வைத்துக்கொண்ட பெயர், அவர் கீஃப்ரேம் என்றார். ஓடவிட்டார். வட்டம் அசைந்தது. அவள் ஒரு அடி பின்வாங்கினால் அதுவும் பின்வாங்கியது. வரப்பு நகர்ந்து ஒருத்தி பின்னாலேயே போகிறதை என் ஆயுசில் அன்றைக்குத்தான் பார்த்தேன். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். உபைதுல்லா என் பக்கம் திரும்பாமல், “டீ சொல்லட்டுமாண்ணே?” என்றார்.

வட்டமாக இருந்தால் பக்கத்தில் இருக்கிறவர்களும் உள்ளே வந்துவிடுகிறார்கள் என்று, பிறகு அவள் உடம்பை ஒட்டியே புள்ளி புள்ளியாக வைத்தார். தலைத்துண்டு, முதுகு, முழங்கை, சேற்றுக்குள் கால். ஓடவிட்டால் அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடுகிற வீடியோ, இப்படிப் பார்க்கும்போது முடிவதே இல்லை. ஒரு நொடியைக் கம்ப்யூட்டர் துண்டு துண்டாக வெட்டி வைத்திருந்தது. ஒவ்வொரு துண்டாக நகர்த்தி, புள்ளிகளை இழுத்துச் சரிசெய்து, அடுத்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கு இந்த வேலை பிடிபடும். ‘ம’ தனியாக, ‘ர’ தனியாக, ‘ம்’ தனியாகக் கிடக்கும். எப்போது அது மரமாக ஆகிறது என்று தெரியாது. கை சேற்றுக்குப் போகிறது, போகிறது, இன்னும் போகிறது, தொட்டுவிட்டது. முதுகு ஒரு நூல் ஏறுகிறது. ஒட்டு மடங்கி விரிகிறது. அவளோடு இருந்த காலத்தில் இப்படி ஒரு நாளாவது அவளைப் பார்த்திருப்பேனா என்று நினைத்தேன். பார்த்ததில்லை. விடிந்தால் அவள் ஒரு வயல், நான் ஒரு வயல். இருட்டினால் இரண்டு பேருக்கும் இடுப்பு வலி.

அந்த வேலையில் ஒரு தொந்தரவு இருந்தது. படத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை அடிக்கடி உள்ளே வந்தது. அடுத்த பக்கம் நட்டுக்கொண்டிருந்தவளுடைய கை. ஆள் படத்துக்குள் விழவில்லை, கேமரா அவளை வெளியே விட்டுவிட்டது. கை மட்டும் முழங்கைவரை வரும். கையில் நாற்று முடி இருக்கும், கைப்பிடியளவு நாற்றைச் சேர்த்துக் கட்டினது. அதை இவள் பக்கமாகத் தள்ளிவிட்டுப் போகும். இவள் கையில் இருக்கும் முடி தீரத்தீர, அந்தக் கை வந்துகொண்டே இருந்தது. வரும்போதெல்லாம் மாஸ்க்குக்குள் நுழைந்து நிறம் பூசிக்கொண்டது.

“இது யாரு கைன்னு மகளுக்குக் கொழப்பமாயிடும் தம்பி. எடுத்துடுங்க,” என்றேன்.

“கஷ்டம்ணே. ஒங்க வீட்டம்மா கையும் இதுவும் ஒட்டி ஒட்டி வருது.”

“பாத்து எடுங்க. எனக்கு அவ மட்டும் போதும்.”

ஒரு மத்தியானம் முழுக்க அந்தக் கையை வெட்டுவதிலேயே போனது. புள்ளிகளை உள்ளே இழுத்து, இரண்டு விரல்களுக்கு நடுவில் வரப்புப் போடுவது போல வைத்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டார். நடுவில் எதையோ தெரியாமல் அமுக்கிவிட்டார். சட்டென்று எல்லாம் தலைகீழாக ஆகிவிட்டது. வயலும் வானமும் மற்றப் பெண்களும் நிறத்துக்கு வந்துவிட்டார்கள், இவள் மட்டும் சாம்பலாகக் குனிந்து நின்றாள். “மாத்துங்க தம்பி, மாத்துங்க” என்று எழுந்தே விட்டேன். “ஒண்ணுமில்லண்ணே, இன்வெர்ட்டுல கை பட்டுருச்சு” என்று உடனே மாற்றினார். அந்தக் கொஞ்ச நேரத்தில் ஓரத்துக் கை நல்ல வெளிச்சத்தில் தெரிந்தது. சேறு பூசிய கை. நான் அதைக் கவனித்துப் பார்க்கவில்லை. இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“முக்காவாசி போயிருச்சு,” என்றார் கடைசியில். “ஒரே ஒரு எடத்துல விரல் நுனி மட்டும் கொஞ்சம் நிக்குது. அதை எடுத்தா இவங்க கையும் சேந்து போயிரும். விட்டுருவோம். யாரு கண்ணுலயும் படாது.”

அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததற்கு இரண்டு டிக் விழுந்தது. நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு போன் வந்தது. அழுகைதான் முதலில். “அப்பா, என் தாவணித் துணிப்பா. முதுகுல பாரு, என் தாவணித் துணி. அம்மாவேதான். அந்த நடை அப்படியே அம்மா நடைப்பா. வலது காலு கொஞ்சம் இழுக்கும்ல, அப்படியே இருக்கு.” வேம்புவுக்கு வலது கால் இழுக்குமா என்று நான் யோசித்தேன். இழுக்கும்தான் போல. மகள் சொன்னால் சரியாக இருக்கும். மறுநாள் அவள் குரலே வேறு மாதிரி இருந்தது. தூங்கினாளாம். பொட்டி வரவில்லையாம். கனவில் அம்மா நட்டுக்கொண்டே போனாளாம், இவள் வரப்பில் உட்கார்ந்திருந்தாளாம். தினமும் டூட்டி முடிந்து வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன் என்றாள். உப்பளத்தில் அன்றைக்கு உப்பு வாரும்போது எனக்குத் தோளில் பாரம் தெரியவில்லை.

வருஷத் தெவசத்துக்கு ஊருக்கு வந்தேன். சோறும் கருவாட்டுக் குழம்பும் ஆக்கிப் படைக்கக் காத்தாயிதான் வந்திருந்தாள். காத்தாயி எதிர்வீடு. வயலில் வேம்புவுக்குப் பக்கத்து ஆள், அடுத்தடுத்து இறங்கி அடுத்தடுத்து ஏறுவார்கள். படைத்து முடித்து, இலையை எடுத்த பிறகு, “இந்தா பாரு காத்தாயி” என்று போனைக் கொடுத்தேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் சிரித்தாள்.

“ஐயே, என்னண்ணே இது? என்னைய எதுக்கு இப்படித் தனியா எடுத்து வச்சிருக்கீங்க? நான் என்ன சினிமாக்காரியா?”

“ஒன்னையா? நல்லாப் பாரு. என் சட்டை.”

“சட்டை ஒங்களதுதான். ஆளு நானு. அன்னைக்கு எனக்குக் குளிர் காய்ச்சல்ல, ஒதறிக்கிட்டே வந்தேன். வரப்புல வச்சு வேம்பக்காதான் கழட்டிக் குடுத்துச்சு. எனக்கு வேர்க்குதுடி, நீ போட்டுக்கன்னுச்சு. வேர்வையா, அந்தக் காத்துலயா? சும்மா சொல்லுச்சு. மறுநா தொவச்சுல்ல கொண்டாந்து குடுத்தேன்?” அவள் வலது காலைத் தட்டிக் காட்டினாள். “பாருங்க, காலு இழுக்குது பாருங்க. பித்தவெடிப்புல சேறு ஏறி அந்த வருசம் நான் பட்டபாடு, இன்னும் சரியாகல.”

அவள் இன்னும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா எனக்கு இந்தப் பக்கம்ல இருந்துச்சு. காய்ச்சக்காரி எட்டி எடுக்க முடியாதுன்னு முடியெல்லாம் அதுதான் தள்ளித் தள்ளி வுட்டுக்கிட்டே வந்துச்சு. எங்க, காணுமே? இந்தப் பக்கம்லாம் ஏண்ணே இப்படி மங்கிப்போயிக் கெடக்கு?”

அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. போனை என் பக்கத்தில் மெதுவாக வைத்துவிட்டு, எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். போனவள் திரும்பி வர நேரமானது.

மறுநாள் அதிராம்பட்டினத்துக்குப் பஸ் ஏறி, உப்பளத்துக்குப் போகாமல் நேராக மாடிக்குப் போனேன். உபைதுல்லாவிடம் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு ராஜ்குமார் அனுப்பிய முதல் வீடியோவைத் திறந்து, அந்தக் கை வருகிற இடத்தில் நிறுத்தினார். பெரிதாக்கினார். பெரிதாக்கப் பெரிதாக்க அது கட்டம் கட்டமாக உடைந்தது. முழங்கை, அதன் மேல் மடித்துவிட்ட ரவிக்கைக் கை, மணிக்கட்டில் சேறு. என் சட்டை இல்லாத கை. அவள்தான் என்று நான் எதை வைத்துச் சொல்வேன்? காத்தாயி சொல்லியிருக்காவிட்டால் அது யாரோ ஒருத்தி கை. சட்டையை வைத்து ஆளைக் கண்டுபிடித்தவனுக்கு, கையை வைத்துக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அந்தக் கை எனக்குச் சோறு போட்ட கை. காய்ச்சலில் கடைசியாக நான் பிடித்துக்கொண்டிருந்த கை.

“நாந்தாண்ணே வெட்டுனேன்,” என்றார் உபைதுல்லா. “புள்ளி வச்சு வச்சு.”

“நான் சொல்லித்தானே வெட்டுனீங்க.”

கீழே கடைத்தெருவில் மீன் வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மாஸ்க்கை எடுத்து அந்தக் கைக்குப் போடலாம் என்றார். இப்போது வழி தெரியும், சீக்கிரம் முடித்துவிடலாம். ஆனால் கை எப்போதாவது வந்து போகிறதுதான், ஆள் இல்லை. அது வராத நேரத்தில் படம் முழுக்கச் சாம்பலாகத்தான் இருக்கும். “அதையும் மகளுக்கு அனுப்பணும்னா காரணம் சொல்லணும்ணே,” என்றார். “சொல்லிட்டீங்களா?”

இல்லை என்று தலையை ஆட்டினேன். சொன்னால் அவளுக்கு என்ன மிஞ்சும்? பெட்டி திரும்ப வரும். சொல்லாவிட்டால், காய்ச்சலோடு நட்ட காத்தாயியை அம்மா அம்மா என்று அவள் தினமும் பார்த்துக்கொண்டிருப்பாள். அடுத்த லீவில் வருவாள். காத்தாயி எதிர்வீட்டிலிருந்து காலை இழுத்துக்கொண்டு இறங்கி வருவாள். அப்போது எழில்மொழி அந்த நடையைப் பார்ப்பாள்.

போன் டிங் என்றது. மகள்தான். வாய்ஸ் மெசேஜ். உபைதுல்லா எழுந்து போகப் பார்த்தார். இருங்க என்று கை காட்டிவிட்டு அமுக்கினேன். “அப்பா, தெவசம் நல்லபடியா முடிஞ்சுதா? நானும் இங்க ஒரு டம்ளர்ல தண்ணி வச்சுக் கும்பிட்டேன். அம்மா வீடியோவைப் போட்டு முன்னாடி வச்சுக்கிட்டேன்ப்பா. கூட இருக்கிற புள்ளைங்க எல்லாம் பாத்துச்சுங்க. ஒங்கம்மா எவ்வளவு வேகமா நடுறாங்கன்னு சொல்லுச்சுங்க.” அதோடு முடிந்துவிட்டது.

உபைதுல்லா மவுஸின் மேல் கையை வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடி இருந்தார். “என்னண்ணே செய்ய?” என்றார்.

“அந்த விரல் நிக்குதுன்னீங்களே. அந்த எடத்தைப் போடுங்க,” என்றேன்.

மகளுக்கு அனுப்பிய வீடியோவைத் திறந்து ஓடவிட்டார். சாம்பல் வயல். சாம்பல் வானம் தண்ணீரில் கிடந்தது. நடுவில் நீல ஒட்டு மட்டும் மடங்கி விரிந்து, பின்னால் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அவள் கையில் நாற்று தீர்ந்தது. வெறும் கையை அவள் பக்கவாட்டில் நீட்டினாள். அப்போது ஓரத்துச் சாம்பலிலிருந்து பச்சையாக ஒரு நாற்று முடியும், அதைத் தள்ளிக்கொண்டு சேறு அப்பிய ஒரு விரல் நுனியும் நிறத்துக்குள் வந்தன. முடி அவள் கைக்குப் போனது. விரல் மட்டும் கொஞ்சம் நின்று, பின்வாங்கி, வரப்பைத் தாண்டிப் போனது.